ஒரு குடும்பத்துக்கே வீட்டில் ஆங்கிலம் சொல்லித்தரப் போகிறவர்களுக்கு

ஒரு பிள்ளைக்கு டியூஷன் எடுப்பது வேறு, ஒரு குடும்பத்துக்கே எடுப்பது வேறு. பிள்ளை என்றால் எங்கே தடுமாறுகிறது என்று பார்த்துச் சொல்லிக்கொடுத்துவிடலாம். குடும்பம் என்றால் மேசையைச் சுற்றி அப்பா, அம்மா, பதினைந்து வயதுப் பெண், எட்டு வயதுப் பையன், சில வீடுகளில் பாட்டியும் உட்கார்ந்திருப்பார்கள். வயது வேறு, தேவை வேறு, வேகம் வேறு. அதைவிட முக்கியம், யார் சொல்ல யார் கேட்பது என்பது அந்த வீட்டில் நாம் போவதற்கு முன்பே முடிவாகியிருக்கும். வீட்டில் எல்லோரும் மதிக்கும் மனிதர், ஒரு வாக்கியத்தைத் தப்பாகச் சொல்லி, அதற்கு மகன் சிரித்துவிட்டால், அவருக்கு வகுப்பு அன்றோடு முடிந்தது.

நான் போன முதல் குடும்பத்தில் அப்படித்தான் நடந்தது. அப்பாவைப் பிள்ளைகள் முன்னாலேயே ஒரே மணிநேரத்தில் மூன்று நான்கு முறை திருத்தினேன். அக்கறையோடுதான் செய்தேன். அடுத்த வாரம் அவருக்கு 'வேலை இருந்தது'. அதற்கடுத்த வாரமும் இருந்தது. 'டீச்சர், அவர் பிள்ளைங்க முன்னாடி பேசக் கூச்சப்படறார்' என்று அம்மா வாசல்வரை வந்து மெதுவாகச் சொன்ன பிறகுதான் எனக்குப் புரிந்தது. அவர் மறுபடி மேசைக்கு வர இரண்டு மாதம் ஆனது.

ஆகவே நம் வேலை என்ன என்பதை முதலிலேயே தெளிவாக வைத்துக்கொள்ளுங்கள். வாரத்தில் 168 மணிநேரம் இருக்கிறது. இரண்டு நாள் போனாலும் நாம் அங்கே இருக்கப்போவது மூன்று மணிநேரம். மற்ற நேரமெல்லாம் அவர்கள் ஒருவரோடு ஒருவர்தான் இருப்பார்கள். அந்த நேரத்தில் கூச்சமில்லாமல் நான்கு வார்த்தை ஆங்கிலத்தில் பேசிக்கொள்ளும் வீடாக அதை மாற்ற முடிந்தால், நீங்கள் போனதற்குப் பலன் இருக்கிறது. கீழே சொல்வதெல்லாம் அதற்காகத்தான்.

முதல் நாள் பாடம் நடத்த வேண்டாம்

முதல் சந்திப்பில் புத்தகத்தை எடுக்காதீர்கள். ஒவ்வொருவரிடமும் ஐந்து பத்து நிமிடம் தனியாகப் பேசுங்கள். 'எதற்கு ஆங்கிலம்?' என்று கேட்டால் 'எல்லாத்துக்கும்தான்' என்று பதில் வரும். அதனால் கேள்வியை மாற்றுங்கள்: 'கடைசியா எப்போ, எங்கே, ஆங்கிலம் தெரியாம சிரமப்பட்டீங்க?' இதற்கு வரும் பதில் சின்னதாக, குறிப்பாக இருக்கும். ஃபோனில் பேசியவர் சொன்னது புரியாமல் 'ஓகே ஓகே' என்று வைத்துவிட்டது. பையனின் வகுப்பு ஆசிரியரிடம் கேட்க நினைத்ததைக் கேட்காமல் திரும்பி வந்தது. நேர்காணலில் முதல் கேள்வியிலேயே தொண்டை அடைத்துக்கொண்டது. இந்தப் பதில்களை அவர்கள் சொன்ன வார்த்தைகளிலேயே குறித்துக்கொள்ளுங்கள். முதல் இரண்டு மாதத்துக்கான பாடத்திட்டம் அதுதான்.

கூடவே இன்னொன்றையும் கவனியுங்கள்: உங்களைக் கூப்பிட்டது யார், யார் மற்றவர்களுக்காக ஒப்புக்கொண்டது? விருப்பமில்லாமல் உட்கார்ந்திருப்பவர் பெரும்பாலும் ஒருவர் இருப்பார். அவருக்கு முதல் மாதம் மிகச் சுலபமான வேலையாகக் கொடுங்கள்.

பணம், நேரம், விடுப்பு மூன்றையும் அன்றைக்கே பேசிவிடுங்கள். தலைக்கு இவ்வளவு என்று வைக்காமல் மணிநேரத்துக்கு இவ்வளவு என்று வைப்பது நல்லது என்பது என் அனுபவம். தலைக்கணக்கு வைத்தால், பாட்டி ஆசையாக வந்து உட்காரும்போது 'இவங்களுக்கும் சேர்த்தா?' என்ற சங்கடம் வரும். போய்வரும் நேரத்தையும் தயாரிப்பு நேரத்தையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். எத்தனை மணிநேரம் முன்னால் சொன்னால் வகுப்பை ரத்து செய்யலாம் என்பதையும் முடிவு செய்து, எல்லாவற்றையும் ஒரு மெசேஜாக அனுப்பி வைத்துவிடுங்கள். பிறகு யாருக்கும் மனத்தாங்கல் வராது.

பிள்ளைகளுக்கு எடுக்கும்போது வீட்டுப் பெரியவர் ஒருவர் பார்வையில் இருக்கும்படி, கதவு திறந்திருக்கும் பொது அறையில் உட்காருங்கள். இதை யாரும் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்.

யாருக்கு எவ்வளவு தெரியும்?

தேர்வு வைக்காதீர்கள். பேச்சிலேயே தெரிந்துவிடும். ஐரோப்பியக் கவுன்சில் 2001இல் வெளியிட்ட பொதுச் சட்டகம் மொழித்திறனை ஏ1, ஏ2, பி1, பி2, சி1, சி2 என்று ஆறு படிகளாகப் பிரிக்கிறது. எதிரில் இருப்பவர் மெதுவாகப் பேசி உதவினால் தன்னைப் பற்றிச் சொல்ல முடிகிறது என்றால் ஏ1. பழக்கமான விஷயங்களில் தானாகவே சமாளித்து, நடந்ததைக் கோர்வையாகச் சொல்ல முடிகிறது என்றால் பி1. தொடக்கத்துக்கு இந்த இரண்டு அடையாளங்கள் போதும்.

ஆனால் ஒருவருக்கு ஒரே படி என்று எழுதிவிடாதீர்கள். கேட்பது, பேசுவது, படிப்பது, எழுதுவது நான்கையும் தனித்தனியாகக் குறியுங்கள். ஆங்கிலச் செய்தித்தாளைச் சரளமாகப் படிப்பவர் வாயைத் திறக்க முடியாமல் திணறுவார். எழுத்துக்கூட்டிப் படிக்கவே தெரியாத பாட்டி, டி.வி.யில் கேட்டுக் கேட்டே பாதி புரிந்துகொள்வார். இந்தக் குறிப்பை அவர்களிடம் காட்ட வேண்டாம். காட்டினால் அந்த வீட்டில் ரேங்க் பட்டியல் ஆகிவிடும்.

முடிந்தால் ஒவ்வொருவர் பேச்சையும் ஒரு நிமிடம், அவர்கள் சம்மதத்தோடு, அவர்கள் ஃபோனிலேயே பதிவு செய்யச் சொல்லுங்கள். இது பின்னால் தேவைப்படும்.

ஒன்றரை மணிநேரத்தை எப்படிப் பிரிப்பது?

எல்லோரையும் முழு நேரமும் ஒன்றாக வைத்து நடத்தினால் பையனுக்கு அலுக்கும், அப்பாவுக்குப் பதற்றமாகும். தனித்தனியாகவே நடத்தினால் அது நான்கு டியூஷன், குடும்ப வகுப்பு கிடையாது. முதல் கால் மணிநேரம் எல்லோரும் சேர்ந்து, நடுவில் ஒரு மணிநேரம் பிரிந்து, கடைசிக் கால் மணிநேரம் மறுபடி சேர்ந்து என்று வைத்துக்கொண்டால் ஓடுகிறது. நடு நேரத்தில் நீங்கள் ஒருவரோடு இருக்கும்போது மற்றவர்கள் கையில் வேலை இருக்க வேண்டும்: ஒரு ஒலிப்பதிவு, ஒரு பக்கக் கதை, எழுத வேண்டிய மூன்று வரி. எட்டு வயதுப் பையனுக்குப் பத்துப் பன்னிரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை வேலையை மாற்றிவிடுங்கள்.

சேர்ந்து இருக்கும் அந்த அரை மணிநேரத்தில்தான் உங்கள் திறமை தெரியும். அதற்கு எனக்குக் கைகொடுத்த விதி ஒன்று உண்டு. ஆங்கிலம் குறைவாகத் தெரிந்தவர் கையில் தகவலைக் கொடுங்கள். அதிகம் தெரிந்தவர் அதைக் கேட்டு வாங்கட்டும்.

ஒரு உதாரணம். அம்மாவிடம் ஒரு படத்தைக் கொடுத்தேன். ஒரு வீடு, இடப்பக்கம் மரம், மரத்தடியில் நாய், கூரைமேல் ஒரு பறவை. மகள் முதுகைக் காட்டி உட்கார்ந்து, அம்மா சொல்லச் சொல்ல வரைய வேண்டும். மகளுக்கு ஆங்கிலம் நன்றாக வரும், ஆனால் படம் அம்மாவிடம்தானே இருக்கிறது! 'ட்ரீ... லெஃப்ட்' என்றார் அம்மா. 'பிக் ட்ரீ ஆர் ஸ்மால் ட்ரீ?' என்று மகள் கேட்டாள். 'பிக். வெரி பிக்.' 'வேர் இஸ் த டாக்?' அம்மா யோசித்தார். 'அண்டர்... அண்டர் ட்ரீ.' மகள் திருத்தவில்லை, வரைந்தாள். கடைசியில் இரண்டு படங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது மரத்தின் மேல் பறவை உட்கார்ந்திருந்தது. 'நோ, நோ, ஹவுஸ்! பேர்ட் ஆன் த ஹவுஸ்!' என்று அம்மா சத்தமாகச் சொன்னார். அவர் 'த' போட்டுச் சொன்ன முதல் வாக்கியம் அது. நான் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, அடுத்த படத்தைக் கொடுத்தேன்.

இதே விதியில் நிறையச் செய்யலாம். அப்பா தன் வேலையை விளக்கட்டும், பிள்ளைகள் கேள்வி கேட்கட்டும். அந்த வேலையில் பயன்படும் கருவியின் பெயர் மகளுக்குத் தெரியாது, அவருக்குத் தெரியும். பாட்டி தன் சிறுவயது வீட்டில் எத்தனை அறை, எது எங்கே இருந்தது என்று சொல்லட்டும், பேரன் வரைபடம் போடட்டும்.

திருத்துவது

வகுப்பில் ஒரே ஒரு சட்டம் போடுங்கள்: ஒருவர் பேசும்போது இன்னொருவர் திருத்தக் கூடாது. திருத்துவது டீச்சர் வேலை. பிள்ளைகளிடம் இதை முதல் நாளே, பெற்றோர் இருக்கும்போதே சொல்லிவிடுங்கள். பெற்றோருக்கும் இதே சட்டம்தான். தெரிந்த பாதி ஆங்கிலத்தை வைத்துப் பிள்ளையைக் குடையும் அப்பாக்களும் உண்டு.

நீங்கள் திருத்துவதிலும் நிதானம் வேண்டும். அவர் 'ஹீ கோ ஆஃபீஸ்' என்றால், 'ஓ, ஹீ கோஸ் டு த ஆஃபீஸ்? வாட் டைம்?' என்று சரியான வடிவத்தைப் பதிலுக்குள் வைத்துத் திருப்பிச் சொல்லி, பேச்சைத் தொடருங்கள். பெரிய தவறுகளைச் சின்ன நோட்டில் குறித்து வைத்து, வகுப்பு முடியும்போது 'இன்னைக்கு நான் கேட்ட மூணு வாக்கியம்' என்று யார் சொன்னது என்று சொல்லாமல் பொதுவாகப் பேசுங்கள். மூன்றுக்கு மேல் வேண்டாம்.

இன்னொரு எச்சரிக்கை. நன்றாகப் பேசும் மூத்த பிள்ளையை உதவி ஆசிரியர் ஆக்காதீர்கள். ஏற்கெனவே வீட்டுக்கு வரும் எல்லாக் கடிதத்தையும் அந்தப் பிள்ளைதான் படித்துச் சொல்லிக்கொண்டிருக்கும். மொழிபெயர்க்க ஆள் பக்கத்தில் இருக்கும்வரை அம்மா பேச மாட்டார். அந்தப் பிள்ளைக்கும் அவளுக்கென்று ஒரு வகுப்பு வேண்டும்.

முதல் நான்கு வாரம்

இலக்கணத்தில் தொடங்காதீர்கள். பேச்சு நின்றுபோகும் இடத்தில் அதைத் தாங்கிப் பிடிக்கும் வாக்கியங்களில் தொடங்குங்கள். 'ஸாரி, கேன் யூ ஸே தட் அகெய்ன்?', 'ஸ்லோலி, ப்ளீஸ்', 'வாட் டஸ் திஸ் மீன்?', 'ஹவ் டு யூ ஸே திஸ் இன் இங்கிலிஷ்?', 'ஒன் மினிட், ப்ளீஸ்'. இந்த ஐந்தும் நாக்கில் ஏறிவிட்டால் ஃபோனில் 'ஓகே ஓகே' என்று வைத்துவிடும் பழக்கம் போய்விடும். வீட்டில் எல்லோருக்கும் பொதுவான ஐந்து என்பதால் ஒருவருக்கொருவர் சொல்லிப் பார்க்கவும் வசதி.

வார்த்தைகளில் அவசரப்பட வேண்டாம். மைக்கேல் வெஸ்ட் என்ற ஆங்கில ஆசிரியர் 1953இல் வெளியிட்ட அடிப்படைச் சொற்பட்டியலில் சுமார் 2,000 சொற்கள்தான். அன்றாடப் பேச்சின் மிகப் பெரும்பகுதி அந்த அளவுக்குள் அடங்கிவிடுகிறது. யாருக்கும் தெரியாத பெரிய சொல் ஒன்றைக் கற்றுக்கொடுப்பதைவிட 'கெட்', 'டேக்', 'புட்' இந்த மூன்றையும் பத்து விதமாகப் பயன்படுத்தச் சொல்லிக்கொடுங்கள். வகுப்புக்கு எட்டுச் சொல் போதும்.

தமிழில் பேசலாமா என்று கேட்பார்கள். தாராளமாகப் பேசலாம். ஒரு விதியைத் தமிழில் அரை நிமிடத்தில் விளக்கிவிட்டு, மிச்ச நேரத்தை ஆங்கிலத்தில் பேசவைப்பதுதான் சிக்கனம். 'நோ தமிழ்' என்று பலகை வைத்தால் வீடு மௌனமாகிவிடும்.

தமிழ் வாய்க்கு எங்கே சிக்கும்?

தமிழ் பேசும் குடும்பம் என்றால் தவறுகள் பெரும்பாலும் தமிழிலிருந்தே வரும். காரணம் தெரிந்தால் அவர்களுக்குக் கூச்சம் பாதி குறைந்துவிடும். 'எனக்கு மண்டையில் ஏறாது' என்று நினைத்திருந்தவர், 'ஓ, தமிழில் அப்படி இருக்கிறதால இப்படி வருதா' என்று நிமிர்ந்து உட்கார்வார்.

முதலில் ஒலி. தமிழில் 'பேக்' என்று எழுதினால் அது பையா, முதுகா, மூட்டை கட்டுவதா? ஆங்கிலத்தில் மூன்றும் வேறு வேறு உச்சரிப்பு. நம் எழுத்தில் ஒரு 'ப', ஒரு 'க' எல்லா வேலையையும் செய்கிறது. அதனால் உச்சரிப்பைத் தமிழில் எழுதி வைத்துக்கொள்ளும் பழக்கத்தை இரண்டாவது மாதத்துக்குள் விடச் சொல்லுங்கள். இந்த வித்தியாசத்தைக் காட்ட ஒரு மெல்லிய காகிதம் போதும். வாய்க்கு நான்கு விரல் முன்னால் தொங்கவிட்டு, குண்டூசியைக் குறிக்கும் 'பின்' சொல்லச் சொல்லுங்கள். ஆங்கில முறையில் சொன்னால் காகிதம் படக்கென்று ஆடும். குப்பைத்தொட்டியைக் குறிக்கும் சொல்லில் அவ்வளவாக ஆடாது. நம் 'ப'வில் அந்தக் காற்று இல்லை. அதனால்தான் நாம் ஒன்றைச் சொல்ல அவர்களுக்கு இன்னொன்றாகக் கேட்கிறது. பாட்டியிலிருந்து பேரன்வரை எல்லோரும் காகிதத்தை ஊதிப் பார்ப்பார்கள், நேரம் போவதே தெரியாது. அப்புறம் தொண்டையில் இரண்டு விரலை வைத்து 'ஸ்ஸ்ஸ்' என்று இழுக்கச் சொல்லுங்கள், அதிர்வு இருக்காது. வண்டு மாதிரி ரீங்கரித்தால் அதிரும். ஆங்கில எழுத்துவரிசையின் கடைசி எழுத்தின் ஒலி அதுதான். மேல்பல் கீழுதட்டைத் தொட்டால்தான் 'ஃப' வரும். கண்ணாடியில் பார்த்துப் பழகட்டும்.

'புக்கு', 'லைட்டு', 'பஸ்ஸு' என்று கடைசியில் உகரம் ஒட்டுவதும் தமிழ் இயல்புதான். நம் சொற்கள் வல்லெழுத்தில் முடிவதில்லை. பிறகு அழுத்தம். 'ஃபோட்டோகிராஃப்' என்பதில் முதல் அசையில் அழுத்தம், 'ஃபோட்டோகிராஃபர்' என்பதில் இரண்டாவது அசையில். மேசையைத் தட்டிக்கொண்டே சொல்லிப் பழக்குங்கள். ஒலி சரியாக இருந்தாலும் அழுத்தம் தவறினால் கேட்பவருக்குப் புரியாமல் போகலாம்.

இலக்கணத்தில் நான்கு இடம். ஒன்று, 'அவர் டாக்டர்' என்பதில் வினைச்சொல்லே இல்லை, அதனால் 'ஹீ டாக்டர்' என்று வரும். இரண்டு, தமிழில் கடைசியில் ஒரு 'ஆ' சேர்த்தால் கேள்வி: வந்தார், வந்தாரா? ஆங்கிலத்தில் துணைவினை முன்னால் ஓடிவர வேண்டும். இதற்கு அட்டைத் துண்டுகளில் வார்த்தைகளை எழுதி, 'இஸ்' அட்டையைப் பையன் கையாலேயே முன்னால் நகர்த்த வைத்தேன், நன்றாகப் பிடித்துக்கொண்டான். மூன்று, ஒரே 'இல்' உருபு 'இன்', 'ஆன்', 'அட்' மூன்றுக்கும் வருவதால் புத்தகம் மேசைக்கு 'உள்ளே' போய்விடும். நான்கு, மரியாதை. 'அம்மா வந்தாங்க' என்று பழகிய வாய்க்கு அம்மாவை 'ஷீ' என்று சொல்ல மனம் வராது, 'தே' என்று சொல்லிவிடும். 'ஷீ' என்பதில் அவமரியாதை எதுவும் இல்லை என்று பாட்டி முன்னாலேயே விளக்கிவிடுங்கள். 'இன்னைக்குத்தான் வந்தேன்' என்பதன் 'தான்' கூட 'டுடே ஒன்லி' என்று வந்து உட்காரும். 'ஏ', 'த' விதிகளை ஆறு மாதம் தள்ளிப்போடலாம், அவை தவறினாலும் பேச்சு நிற்காது.

நீங்கள் இல்லாத நாட்களில்

ஹெர்மன் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மன் உளவியலாளர் தன்னைத்தானே சோதித்து 1885இல் வெளியிட்ட ஆய்வில், படித்ததில் பெரும்பகுதி முதல் நாளுக்குள்ளேயே மறந்துவிடுகிறது, பிறகு மறதியின் வேகம் குறைகிறது என்று காட்டினார். அதனால் வீட்டுப்பாடத்தை வாரக் கடைசியில் உட்கார்ந்து செய்யும்படி கொடுக்காதீர்கள். அன்று இரவு இரண்டு நிமிடம், மறுநாள் இரண்டு நிமிடம், மூன்று நாள் கழித்து, பிறகு ஒரு வாரம் கழித்து. எட்டுச் சொல்லையும் எல்லோர் கண்ணும் படும் இடத்தில் ஒட்டிவிடுங்கள். தாண்டிப் போகிறவர் ஒன்றைச் சொல்லிவிட்டுப் போகட்டும்.

தினம் பத்து நிமிடம் 'இங்கிலிஷ் நேரம்' என்று ஒன்றை அவர்களே முடிவு செய்யட்டும். எப்படியும் எல்லோரும் சேரும் நேரமாக இருந்தால் நிலைக்கும். தூங்கும் முன் பையன் ஒரு பக்கம் படித்துக் காட்டுவது, அம்மா அதே பக்கத்தை மறுநாள் படிப்பது என்று வைத்தால் இருவருக்கும் பயிற்சி. புத்தகம் அவர்கள் படிக்கு ஒன்று கீழே இருக்கட்டும். ஒரு பக்கத்தில் தெரியாத சொல் நான்கைந்துக்கு மேல் வந்தால் வேறு புத்தகம் எடுங்கள்.

மூன்றாவது மாதம் வாக்கில் எல்லோருக்கும் சோர்வு வரும். 'எங்கே டீச்சர், ஒன்னும் முன்னேறலையே' என்பார்கள். முதல் நாள் பதிவை அப்போது எடுங்கள். ஒவ்வொருவரும் தன் பதிவைத் தனியாக, காதில் இயர்ஃபோன் வைத்துக் கேட்கட்டும். அதே கேள்விக்கு இன்றைக்குப் பதில் சொல்லிப் புதிதாகப் பதிவு செய்யட்டும். மற்றவர்களுக்குப் போட்டுக் காட்டுவதா வேண்டாமா என்பது அவரவர் விருப்பம். நான் முதலில் சொன்னேனே அந்த அப்பா, தன் பதிவை இரண்டு முறை கேட்டுவிட்டு, ஃபோனை மகன் பக்கம் நீட்டினார்.

ஐந்தாறு மாதத்தில் வாரத்துக்கு ஒரு நாளாகக் குறையுங்கள். விட்ட நாளில் அதே நேரத்துக்கு வகுப்பை அவர்களே நடத்தட்டும். அட்டைகளையும் படங்களையும் அவர்களிடமே விட்டுவிட்டு வாருங்கள். முதல் முறை நடத்துவது அம்மாவாக இருக்கட்டும்.